வெறும் அரிசி தின்றவள்

என் மனைவிக்கு வெறும் அரிசி தின்னும் பழக்கம் எப்போது தொடங்கியது என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். பிள்ளை தங்குவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி வாய்க்குள் போகும். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நறுக் நறுக்கென்று கடிப்பாள். வீட்டில் அது பெரிய பகிடி. வீடு என்றால் அவளுடைய வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான்.

"அரிசி திண்டா கலியாணத்துக்கு மழ பெய்யும். உனக்குத்தான் கலியாணம் முடிஞ்சிதே, இனி உன்ர மகள்ற கலியாணத்துலதான் பெய்யப்போகுது" என்பார் மாமி, அவளுடைய அம்மா.

"பெய்யட்டுமே! பந்தலுக்குத் தகரம் போட்டாப் போச்சி" என்பாள் இவள். பிறக்கப்போவது பெண்தான் என்பதில் அவளுக்கு அப்படியொரு நிச்சயம்.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. இவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. "வெறும் அரிசி, மண் இப்படி ஏதும் திங்கத் தோணுதா தங்கச்சி?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கொக்கிப்புழு என்றார். மாரி வெள்ளம் காடு கரம்பையில் மனிதர் கழித்ததையெல்லாம் கழுவிக்கொண்டு வயல் வட்டைக்குள் வருகிறது. அந்த ஈரச் சேற்றில் கிடக்கும் புழு வெறுங்காலால் ஏறி, குடலைக் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இரத்தம் குறைந்தவர்களுக்குத்தான் இப்படி அரிசியில் ஆசை வருமாம். எல்லாரும் கக்கூசுக்குப் போக வேண்டும், சேற்றில் இறங்கும்போது காலை மூட வேண்டும், புழுவைக் கொல்லும் பூச்சிக் குளிசை ஒன்று குடிக்க வேண்டும். அவ்வளவுதான். "இந்த மாசத்துல குடிச்சாப் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. பயப்படாமக் குடிங்க" என்று குளிசையை அவள் கையில் வைத்தார்.

வரும் வழியில், களுதாவளையில் இறங்கி முழங்கால்வரை மூடுகிற ரப்பர் கம்பூட்ஸ் ஒரு சோடி வாங்கினேன். வயல் அவளுக்குச் சீதனமாக வந்த காணி. புல் பிடுங்க நான் போகிறேன் என்றால் கேட்கமாட்டாள். ஆனால் வரம்பு வந்ததும் கம்பூட்ஸைக் கழற்றிவிட்டாள்.

"சீதேவி நிக்கிற இடம். சப்பாத்தோட மிதிக்கச் சொல்றீங்களா?"

"சீதேவிக்கு வேற வேல இல்லையா புள்ள, உன்ர காலையா பாத்துட்டு இரிக்கா?"

"வாயக் கழுவுங்க! வயித்துல பிள்ளையோட நிக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். அவள் பாட்டுக்குச் சேற்றில் இறங்கிவிட்டாள். பூச்சிக் குளிசையைக் குடித்தாயா என்று கேட்டதற்கு மட்டும் ஓம் என்றாள். மற்றக் குளிசைகளை நேரம் தவறாமல் குடிக்கிறவள், நம்பினேன்.

பிள்ளை மாதம் முற்றாமலே பிறந்தது. பெண்தான். என் உள்ளங்கையில் அடங்கினாள். ஒரு பகல் முழுக்க மூச்சுக்குப் போராடினாள், பொழுது சாய்ந்ததும் போய்விட்டாள். தாயிடம் இரத்தம் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்றார் டொக்டர். அட கடவுளே, ஒரு குளிசையில் போகிற நோய்! இதற்கா என் பிள்ளை போக வேண்டும்? இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

என் மனைவிக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவளை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாங்கள் பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்தோம். அங்கே நல்ல வெயில். வழியில் குருக்கள்மடம் தாண்டியதும் மழை பிடித்தது. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்து இறைத்துத்தான் பிள்ளையை வைத்தோம். மாமி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு நின்றார். அவர் எதை நினைத்து அழுதார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்று அவள் நேரே சாமித்தட்டுக்குப் போனாள். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கைவிட்டு எதையோ எடுத்தாள். மிட்வைஃப் மிஸ் தந்த பூச்சிக் குளிசை, உறை கிழிக்காமல் அப்படியே இருந்தது.

"பூச்சியக் கொல்ற மருந்து, பிள்ளையையும் கொல்லுமெண்டு பயந்திட்டன். அவளுக்கு ஒண்டும் வந்திரக்கூடாதெண்டுதான் வெச்சன்" என்றாள்.

எனக்குக் கத்த வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இஞ்சாருங்க, மகளப் புதைக்கக்குள்ள மழ பெஞ்சிதா?"

"இல்ல புள்ள. ஒரு சொட்டும் பெய்யல்ல."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உறையைக் கிழித்து, குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.