சாமைக் களத்தில் செய்த பிழை

ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். சேந்தமங்கலம் ஏழு மைல், கட்டணம் மூன்றணா. யுத்தம் தொடங்கி நான்காவது வருஷம்; பெட்ரோல் கிடைக்காததால் பஸ் கரியில் ஓடியது. ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

கொல்லிமலை மிளகைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுத வேண்டியிருந்தது. சேந்தமங்கலம் கடைத்தெருவில் உப்பு வாங்க வந்திருந்த சடையன் என்ற மலை விவசாயி, மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியிலுள்ள தம் வீட்டில் என்னைத் தங்கவைக்கச் சம்மதித்தார். அடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் ஐந்து மணி நேரம் செங்குத்தான ஒற்றையடிப் பாதை.

மாலை நாலு மணி. ஊரை நெருங்கியதும் சடையன் என் பையுடன் ஒரு தோட்டத்தில் உப்புக் கொடுக்க நின்றார். "நேராப் போங்க, மொத ஊடு நம்முளுதுதானுங்க" என்றார். வீட்டின் முன்னால் சாணம் மெழுகிய களம். நடுவில் தூற்றி முடித்த சாமைக் குவியல். அதைச் சுற்றிச் சாம்பல் கோடு. ஆள் யாருமில்லை. எதையும் அளந்து எழுதுவது என் பழக்கம். பூட்ஸ் காலுடன் களத்தில் இறங்கி, அடிமேல் அடி வைத்துக் குவியலின் குறுக்களவை எடுத்தேன். பதினொரு அடி என்று எழுதும்போது சடையனின் மனைவி நல்லம்மாள் தண்ணீர்க் குடத்துடன் வந்து, என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

என் பிழையைச் சடையன் வந்துதான் விளக்கினார். புதுச் சாமையில் முதல் படி சாமிக்கு. அதை எடுக்கும்வரை களத்தில் செருப்புக் கால் படக்கூடாது, குவியலை யாரும் அளக்கக்கூடாது. மறுநாள் காலைதான் படையல். நான் இரண்டையும் செய்திருந்தேன்.

செய்தி போய் ஊர்க்கவுண்டர் வந்தார். களத்தின் ஓரத்தில் நின்றபடியே வழக்கத்தைச் சொன்னார். தவறியவன் வெளியாளாக இருந்தால், பொழுது சாய்வதற்குள் நாட்டு எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். பிறகு சாணத் தண்ணீர் தெளித்தால் போதும். மறுநாள் படையல் நடக்கும். வீட்டு ஆளாக இருந்தால் குற்றம் வீட்டுக்கு. குவியலை மூன்று நாள் தொடாமல் வெளியிலேயே விட்டு, களத்தை மறுபடி மெழுகிய பிறகே படையல்.

கிழக்கே மேகம் கறுத்திருந்தது. அந்தக் குவியல் அந்த வீட்டின் வருஷச் சாப்பாடு. நானே போய்விடுகிறேன் என்றேன். சடையன் பையை எடுத்து நீட்டினார். அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

ஊர்க்கவுண்டர் நல்லம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இவரு உங்க ஊட்டுல கை நனைச்சாரா?"

நான் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் உள்ளே போனாள். ஒரு சட்டியில் ராகிக் களியும் கீரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சாப்புடுங்க."

நான் சடையனைப் பார்த்தேன்.

"அங்க என்ன பாக்கறீங்க? சாப்புடுங்க சாமி."

ஒரு கவளம் எடுத்தேன். அவள் ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினாள். "நனைச்சுட்டாருங்க. எங்க ஊட்டு ஆளுதானுங்க."

அவர் சட்டியைப் பார்த்தார். "அப்ப மூணு நாளு" என்று சொல்லிவிட்டுப் போனார். சடையன் அன்று மனைவியோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை.

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தூறல் தொடங்கியது. குவியலைத் தொடாமல் பந்தல் போட மூங்கிலுடன் வந்த சடையன், "அளந்தீங்களே, எத்தன அடிங்க?" என்றார்.

"பதினொண்ணு."

"ஒருத்தராச்சும் அளந்து வெச்சது நல்லதாப் போச்சு" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

மழையில் பந்தலின் ஒரு மூலைக் கம்பை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே புல் வேய்ந்தோம். ஆனால் மேற்கு ஓரத்தில் தண்ணீர் தரையோடு புகுந்தது.

வியாழக்கிழமை காலை, தோட்டத்தில் நல்லம்மாளோடு களை பிடுங்கிக்கொண்டே அவளிடம், சாமி என்னை மன்னிக்குமா என்று கேட்டேன். பேட்டிக்குக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"வெளியாளுன்னாத்தானுங்க சாமிக்குக் கணக்கு வழக்கெல்லாம். ஊட்டு ஆளை என்ன பண்ணும்? ரெண்டு வார்த்த வையும். அப்பறம் சோறு போடும்" என்றாள். பிறகு, "களையைப் புடுங்கச் சொன்னா பயிரைப் புடுங்கறீங்களே" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் களத்தை மெழுகினார்கள். ஒரு பக்கத்தை நான் மெழுகினேன்; கோணலாக இருந்ததால் அவள் மறுபடி மெழுகினாள். சாமிக்கு முதல் படி எடுத்தார்கள். புதுச் சாமைச் சோற்றைச் சடையனே என் இலையில் வைத்தார். அடியில் நனைந்து கறுத்த தானியம் தனிக் கூடையில் இருந்தது. நானாகக் கேட்ட பிறகு, பத்து நாள் சாப்பாடு என்றார்கள்.

நகரத்தில் எத்தனையோ பிரசங்கங்களுக்குப் போய், கடவுள் மன்னிக்கிறார் என்று செய்தி எழுதியிருக்கிறேன். மன்னித்தால் குற்றம் மறைந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன். இங்கே அது மறையவில்லை. ஒரு கூடை நிறைய இருந்தது. அதை வேறொருவர் தம் வீட்டுக்குள் தூக்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை நாமக்கல் பஸ்ஸில், இது என் வீட்டு வாசலில் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். இவர் இங்கே சாப்பிடவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருந்திருக்காது.