ஊழியக்காரரின் மனைவி

என் அப்பாவை எல்லோரும் ஊழியக்காரர் என்றுதான் சொல்வார்கள். பாஸ்டர்களை அப்படிச் சொல்வது கிறிஸ்தவர்களின் வழக்கம். ஊழியம் செய்கிறவர், அதாவது வேலைக்காரர். கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் சாலையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு சபையை அவர் நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மற்ற நாட்களில் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மீதிப்பேர் திராட்சைக்கு மருந்தடிக்கிறவர்கள், சித்தாள் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கு அப்பா அடிக்கடி சொன்னது, இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவிய கதை.

சொல்லும்போது அவரும் ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சபை நடுவே முழங்காலில் நின்றுவிடுவார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் உங்கள் வெடிப்பு விழுந்த குதிகாலைக் கையில் பிடித்திருக்கிறார், வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளாதீர்கள் என்பார். ஏலக்காட்டு அட்டை கடித்த தழும்போடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் தேம்பித் தேம்பி அழுவார்கள்.

அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கரைப் புண் அழுகிப் புழு வைத்துப்போன ஒருவரின் காலை, அவருடைய பிள்ளைகளே கிட்டே வர மறுத்தபோது, அப்பா தன் கையால் கழுவிக் கட்டுப்போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முகம்கூடச் சுளிக்கவில்லை. அன்று மதியம் வீட்டுக்கு வந்தவர், தண்ணீரில் எறும்பு மிதந்தது என்பதற்காக அம்மாவின் முகத்தில் டம்ளரை வீசினார். புருவம் கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா வேறு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

அம்மா ஆண்டிபட்டிப் பக்கம் நெசவாளர் குடும்பத்துப் பெண். அங்கே ஒரு காலி மைதானத்தில் நடந்த கூட்டத்தில் அப்பா இதே கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வீட்டில் சாமி வேறு, சாதி வேறு. எதிர்த்துக்கொண்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அண்ணன்கள் அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஒருமுறை நான் கேட்டேன், எதைப் பார்த்தும்மா வந்த என்று.

"அடுத்தவுக காலக் கழுவணும்னு ஒரு ஆம்பளை அழுதுக்கிட்டே சொன்னாக. அப்பிடி ஒரு ஆள நான் அதுவரைக்கும் பாத்ததில்ல" என்றாள்.

வீட்டில் அப்பாவுக்கு ஒரு சொல் போதும். தாழ்மை. விசுவாசிகள் வந்திருக்கும்போது அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் தாழ்மை இல்லை. பதில் சொன்னால் தாழ்மை இல்லை. பதில் சொல்லாமல் இருந்தால் மனதுக்குள் பெருமை. இயேசு அடிமையின் ரூபம் எடுத்தாரே, உனக்கு என்ன கேடு என்பார். அவர் பேச்சில் அடிமையின் ரூபம் எப்போதும் இயேசுவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை எங்கள் சபையில் கால் கழுவும் ஆராதனை நடக்கும். ஆண்களின் கால்களை அப்பா கழுவுவார். பெண்களின் கால்களை அம்மா கழுவுவாள். தண்ணீர் காயவைத்துச் சுமந்து வருவதும் அவள்தான். எல்லோருக்கும் முடிந்த பிறகு மிச்சத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத் தரையைத் துடைப்பாள். அவள் காலை யாரும் கழுவியதில்லை. கழுவவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம், அந்த ஆராதனையில் தண்ணீர் கொஞ்சம் சூடாக இருந்துவிட்டது. சபைக்கு நிலம் கொடுத்த பெரிய மனிதர் ஒருவர் காலை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அப்பா சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். பச்சைத் தண்ணீர் கலந்து, அந்த மனிதரின் பாதத்தில் முத்தமிட்டார். சபை அல்லேலூயா சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தண்ணீர் காயவைக்கச் சொன்னார். குளிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவளும் வைத்தாள். ஆவி பறக்கும் தண்ணீரைப் பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றச் சொன்னார். பிறகு அவளை அதற்குள் இறங்கி நிற்கச் சொன்னார்.

"ஆறுற வரைக்கும் நில்லு. தாழ்மையக் கத்துக்க."

அம்மா நின்றாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். உதட்டைக் கடித்துக் கடித்து அதிலிருந்து ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா என்னை ஒரு அறை அறைந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து மறுநாள் பெரிய வெள்ளிக்கான பிரசங்கத்தைத் தயார் செய்தார்.

மறுநாள் மூன்று மணி ஆராதனையில் அம்மா செருப்புப் போட முடியாமல், காலில் துணி சுற்றிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். கேட்டவர்களிடம் கஞ்சி கொட்டிவிட்டது என்றாள். தோல் உரிந்து, சீழ் வைத்து, ஆற வெகுநாள் ஆனது. இடது கணுக்காலைச் சுற்றி வெளிறிய, சுருங்கிய தோல் ஒரு வளையம்போல நிரந்தரமாக நின்றுவிட்டது.

நான் படித்து முடித்து, கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணத்தை யாருக்கும் சொன்னதில்லை, வீட்டுக்குள் வந்து பார்த்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா வாய் கோணிக் கீழே விழுந்தார். மதுரையில் வைத்துப் பார்த்தோம். உயிர் தங்கியது. வலது பக்கம் முழுவதும் செயலிழந்துபோனது. பேச்சு போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது, நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அம்மா தலையாட்டினாள். இன்னொரு முறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

அம்மா அவரைக் கவனித்துக்கொண்டதைப் போல வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. முதுகில் ஒரு படுக்கைப்புண்கூட வரவிடவில்லை. குளிப்பாட்டும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்றுவாள். கஞ்சியை மசித்து, வாயோரம் வழிவதைத் துடைத்துத் துடைத்து ஊட்டுவாள். பார்க்க வந்த விசுவாசிகள் நெகிழ்ந்துபோனார்கள்.

ஆனால் அவருக்கு டயப்பர் மாற்றும்போது மட்டும் அம்மா போனில் அவருடைய பழைய பிரசங்கங்களைப் போடுவாள். சபைப் பையன்கள் பதிவு செய்து வைத்திருந்தவை. சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அப்பாவின் குரல் அறை முழுக்க முழங்கும். துண்டைக் கட்டிக்கொண்ட ராஜா, தாழ்மை, அடிமையின் ரூபம். கீழே அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நாறிக்கொண்டு, கால் அகட்டிக் கிடப்பார். அவள் நிதானமாகத் துடைப்பாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். காதை மூட ஒரு கைதான் இருந்தது.

"ஐயாவுக்கு அவுக பிரசங்கத்தக் கேட்டாத்தான் நிம்மதி" என்று வந்தவர்களிடம் சொல்வாள்.

ஈஸ்டர் வாரம் வந்தது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு அக்கா, சபையில் அப்பாவுக்கு மிகவும் வேண்டியவர், ஒரு யோசனை சொன்னார். இத்தனை வருஷம் எங்கள் காலைக் கழுவினாரே, இந்த வியாழக்கிழமை நாங்கள் வந்து ஐயா காலைக் கழுவுகிறோம் என்றார். அம்மா சரி என்றாள்.

மதியத்துக்கு மேல் வந்தார்கள். சக்கர நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, சுற்றி நின்று பாடினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, செத்துப்போன வலது காலையும் இடது காலையும் கழுவித் துடைத்தார்கள். அந்த அக்காவும் கழுவினார். அப்பா அழுதார். அவர்களும் அழுதார்கள். பிறகு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா தொட்டியைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வேறு வெந்நீர் எடுத்து வந்தாள். முழங்கையை விட்டுப் பார்த்தாள். ஒரு முக்காலியில் தொட்டியை வைத்து அப்பாவுக்கு முன்னால் தள்ளினாள். எதிரே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சேலையைத் தூக்கிச் செருகி, இரண்டு கால்களையும் தொட்டிக்குள் வைத்தாள்.

"கழுவுங்க" என்றாள்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அசையவில்லை. வெளியே ஏதோ தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அவள் தோளைத் தொட்டேன், விட்டுடும்மா என்றேன்.

"யூதாசு காட்டிக்குடுப்பான்னு தெரிஞ்சே யேசுசாமி அவன் காலக் கழுவுனாரு" என்றாள் என்னைப் பார்க்காமல். "என் காலு அவன் காலவிடக் கேவலமா ஆத்தா?"

நான் தள்ளி நின்றேன். அதற்கு மேல் தடுக்க எனக்கு விருப்பமும் இல்லை.

வெகுநேரம் கழித்து அப்பாவின் இடது கை தண்ணீருக்குள் போனது. சரியாகக் குனிய முடியாமல் உடம்பு ஒருபக்கமாகச் சரிந்தது. அம்மா பிடிக்கவில்லை. அவள் பாதத்தின் மேல் கை வழுக்கிக்கொண்டு போனது. குதிகாலு என்றாள். தேய்த்தார். விரலிடுக்கு என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தார். அவர் கையில் பலம் இல்லை. பிறகு கை இடது கணுக்காலுக்கு வந்தது. அந்தச் சுருங்கிய தோலைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது.

"அதேதான்" என்றாள் அம்மா. "சுத்திக் கழுவுங்க."

அவர் தொண்டையிலிருந்து மாடு கதறுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகின. கோணிய வாயிலிருந்து எச்சில் சட்டையில் வடிந்தது. ஒரு சொட்டு வடியவிடாமல் பார்த்துக்கொண்டவள், அன்றைக்குத் துடைக்கவில்லை. அவர் அந்தத் தழும்பைச் சுற்றித் திரும்பத் திரும்பக் கழுவினார். போதும் என்று அவள் சொல்லவேயில்லை, தண்ணீர் ஆறிப்போனது. பிறகு துண்டை அவர் மடியில் போட்டாள். ஒரே கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு காலைத் துடைக்க முடியாமல் அவர் தவித்ததைப் பார்த்தபடி காத்திருந்தாள். எப்படியோ துடைத்தார். அவள் எழுந்து, அவர் முகத்தைக் கழுவி, சட்டை மாற்றி, படுக்கவைத்துவிட்டு, எனக்குக் காபி போடப் போனாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குளிப்பாட்ட அவள் தண்ணீர் கொண்டுவந்தபோது, அப்பா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார். தொட்டியைக் காட்டினார். அவள் காலைக் காட்டினார். அம்மாவுக்குப் புரிந்தது. சேலையை உருவிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாளும் கேட்டார். அதற்குப் பிறகு தினமும் கேட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே இடது கை நீளும். அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிரசங்கம் பண்ணும்போதுகூட இருந்ததில்லை. அதிகாரமும் இல்லை, பயமும் இல்லை. கெஞ்சல் மட்டும் இருந்தது. ஒருமுறை கட்டிலிலிருந்து தானே உருண்டு தரையில் விழுந்து, அவள் கால் பக்கம் ஊர்ந்து போகப் பார்த்தார். நெற்றியில் அடி. அம்மா என்னைக் கூப்பிட்டாள், இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். காயத்தைத் துடைத்து மருந்து வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

"ஒருக்கா போதும். தெனமும் கழுவிக் கழுவி மனசு லேசாகிப் போகலாம்னு பாக்குறீகளா?"

அன்று சாயங்காலம் கடைவீதிக்குப் போய் சாக்ஸ் வாங்கி வந்தாள். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தாள். சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை. அப்பா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியை மறுத்தார். மழைக்காலம் தொடங்கி ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு மூன்று நான்கு ஊர்ப் பாஸ்டர்கள் வந்தார்கள். அப்பாவின் தாழ்மையைப் பற்றிப் பேசினார்கள். அதைவிட அதிகமாக அம்மாவின் ஊழியத்தைப் பற்றிப் பேசினார்கள். இயேசுவின் மாதிரியை இந்தத் தாயாரிடம் பார்க்கலாம் என்றார் ஒருவர். அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் போனபின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேசும்படி அவளைக் கேட்டார்கள். தலைப்பு தாழ்மை. காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம், என்ன பேசப்போற என்று கேட்டேன். இயேசு கால் கழுவியதைத்தான் என்றாள். கொஞ்ச நேரம் நறுக்கிவிட்டு அவளாகவே சொன்னாள்.

"ஒங்கப்பா கடைசியில என் காலக் கழுவக் கேட்டாகல்ல, அது நெசந்தான் ஆத்தா. யேசுசாமி சொன்ன ஊழியம்னா அதுதான். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா குடுக்கல?"

"தெரிஞ்சதாலதான்" என்றாள். காயை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

அன்று கூட்டத்தில் நான் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். அம்மா அப்பாவைவிட நன்றாகப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஜெபிக்கச் சொன்னார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் கை வைத்து ஜெபித்தாள். அடுத்த மாதம் சுருளிப்பட்டியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவதாகச் சொல்லியிருக்கிறாள்.