அக்காவின் பந்தும் என் கையும்

என் இடது கையில் மோதிர விரல் முழுதாக மடங்காது. மழை வந்தால் குடையும். போன வருடம் ரவாங்கில் ஒரு கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இது பழைய முறிவு, சின்ன வயதில் ஆகியிருக்கும், அப்போது யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். பந்து பட்டது என்றேன். யார் போட்ட பந்து என்றார். அக்கா என்றேன். அவர் சிரித்தார். பிள்ளைகள் சண்டை என்று நினைத்திருப்பார்.

சண்டை இல்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று. அக்காவுக்குப் பதினைந்து. கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வேலை பார்த்த தோட்டம். அப்பா செம்பனைப் பழம் வெட்டுவார். அம்மா களைக்கு மருந்து அடிப்பாள். நானும் அக்காவும் பள்ளி விட்டு வந்ததும் மரத்தடியில் சிந்திக் கிடக்கிற உதிரிப் பழத்தைப் பொறுக்குவோம். தள்ளுவண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவருவேன். ஒன்பது வயதிலிருந்து அதுதான் வேலை. உள்ளங்கைத் தோல் செருப்பின் அடிப்பக்கம் மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் வலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அப்பா சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஊக்கால் கையில் ஏறிய முள்ளை எடுப்பார். ஒரு நாள் வலிக்குதாப்பா என்று கேட்டேன். "வலிக்குதுன்னு சொன்னா மரம் தானா எறங்கி வந்து வெட்டிக்குமா?" என்றார். அம்மாவும் சிரித்தாள். இன்னொரு நாள் என் கையில் முள் ஏறியபோது வேலை வாங்குகிற மண்டோர் முன்னால் அழுதுவிட்டேன். வலிக்கிறவங்க வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி வண்டியை வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அழவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் நான் கற்றது.

டவுனில் இருந்த இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் குழு இருந்தது. கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்து வீசுகிறவள் பிட்சர். மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தி அதைப் பிடிக்கிறவள் கேட்சர். குழுவின் முதல் பிட்சர் ஒரு கடைக்காரர் மகள். நல்ல உயரம், நல்ல சதை. அவள் களைத்துப்போனாலோ அடி வாங்கினாலோ கடைசியில் அக்காவை இறக்குவார்கள். அக்கா மாற்று பிட்சர்.

அக்கா இறங்கினால் நானும் இறங்குவேன். கடைக்காரர் மகளுக்குப் பந்து பிடித்த சீனப் பெண்ணால் அக்காவின் பந்தைப் பிடிக்க முடியவில்லை. கீழே விடுவாள். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முதல் படிவத்தில் படித்த என்னை அதற்காகவே குழுவில் சேர்த்தார் டீச்சர். வேறு எதற்கும் நான் உதவவில்லை. மட்டையைக் கொடுத்தால் காற்றை அடிப்பேன்.

எங்களுக்குப் பயிற்சி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால். அப்பா பழம் வெட்டுகிற நீளமான அரிவாள் கம்பைத் தரையில் இரண்டு முறை படுக்க வைத்தால் வீசுகிற தூரம் சரியாக வரும். ஒரு முனையில் அக்கா நிற்பாள், மறுமுனையில் நான் குந்துவேன். பந்து பிடிக்கக் கையில் மாட்டிக்கொள்ளப் பள்ளி கொடுத்த கிளவுஸில் பஞ்சு போய்விட்டிருந்தது. அம்மா பழைய சிலிப்பரை வெட்டி உள்ளே வைத்துக் கொடுத்தாள்.

ஆளாளுக்கு அக்காவை எடை போட்டார்கள். அப்பா ஒரு தடவை கம்பைத் தோளில் வைத்தபடியே நின்று பார்த்தார். "தோள் நல்லா இருக்கு. ஆம்பளப் புள்ளயா இருந்தா கம்பு தூக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். மாமா பழ லோரி ஓட்டுபவர். இந்த விளையாட்டை ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. டீச்சருக்கும் இருந்தது. ரெண்டு இன்னிங்ஸ் வரைக்கும் இவள் புலி, மூன்றாவதில் பூனை என்பார். அது உண்மை. இரண்டு இன்னிங்ஸ் முடிந்தால் அக்காவின் உதடு வெளுத்துவிடும், கை தொங்கிவிடும். காலையில் அவள் தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத்தான் வருவாள். நானும் அப்படித்தான்.

அந்த வருடம், விளையாட்டுப் பள்ளிக்கு ஆள் எடுக்க ஒருவர் வருகிறார் என்று டீச்சர் சொன்னார். எடுத்துவிட்டால் அங்கேயே தங்கிப் படிக்கலாம். சாப்பாடு, துணி, சப்பாத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரவிலும் சோறு போடுவார்களா என்று அக்கா கேட்டாள். மூன்று வேளையும் போடுவார்கள் என்றார் டீச்சர்.

அப்பா கம்பைச் சாத்தி வைத்துக்கொண்டே சொன்னார். "எடுத்தா போகட்டும். எடுக்கலேன்னா மூணாம் படிவத்தோட சரி. செரண்டாவுல அத்த இருக்கா, பேக்டரியில சேத்துவிடுவா." அக்கா தலையை ஆட்டினாள். அவள் படிப்பில் மோசமில்லை. கணக்கு நன்றாக வரும். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

மாமா தன் அபிப்பிராயத்தை ஆட்டத்துக்கு முதல் நாள் என்னிடம் மட்டும் சொன்னார். "பந்து கிளவுஸ்ல விழுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கணும் லா. நீ அதுல சிலிப்பர வெச்சிக்கிட்டுப் புடிச்சா என்னா கேக்கும்? தலவாணியில குத்துற மாதிரி இருக்கு." யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் சிலிப்பர்த் துண்டை எடுத்து அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஆள் எடுக்க வந்தவர் வயதான மலாய்க்காரர். வெயில் தொப்பி, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். நோட்டுப் புத்தகம்கூட இல்லை. வேகம் பார்க்கும் கருவி எதுவும் கொண்டுவரவில்லை. திடல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரும்பாலும் கண்ணை மூடியிருந்த மாதிரிதான் இருந்தது.

ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். கடைக்காரர் மகள் முதல் ஐந்தும் வீசினாள். நடுவில் ஒரு தடவை அந்த மலாய்க்காரர் எழுந்து வந்து, அவளுக்குப் பந்து பிடித்த சீனப் பெண்ணின் கையை வாங்கி விரித்துப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். அந்தப் பெண் உஸ்ஸென்று கையை இழுத்துக்கொண்டாள். வெள்ளைக் கை. உள்ளங்கை முழுக்க ரத்தம் கட்டின மாதிரி சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர். அவர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். எங்கள் கோயிலடியில் திருவிழாவுக்குத் திருவிழா ஒருவர் வந்து கை பார்த்துக் கல்யாணம் சொல்வார். இவரும் அந்த ஜாதி போல என்று நினைத்து நான் சிரித்தேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

ஆறாவது இன்னிங்ஸில் எங்களை இறக்கினார்கள்.

அக்கா அன்று வீசியதைப் போல் அதற்கு முன்னால் வீசியதில்லை. கை சுழன்றது தெரிந்தது, பந்து வந்தது தெரியவில்லை. கிளவுஸில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. சத்தம் மாமா சொன்ன மாதிரியே கேட்டது. ரோட்டில் லோரியை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்ற மாமா கையைத் தூக்கிக் காட்டினார். முதல் பந்திலேயே என் கை மரத்துவிட்டது. நான்காவதுக்குப் பிறகு முழங்கை வரைக்கும் தீ. மூன்று மட்டைக்காரிகளும் ஒருத்தி பின் ஒருத்தியாகத் திரும்பிப் போனார்கள். ஒருத்திகூட பந்தைத் தொடவில்லை. ஆனால் அவர்கள் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாத ஒரு சின்னப் பள்ளியின் பிள்ளைகள். அவர்களை வைத்து அக்காவை அளக்க முடியாது.

இன்னிங்ஸ் முடிந்து ஓரத்துக்கு வந்தோம். அவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார். கிளவுஸைக் கழற்றச் சொன்னார். என் கையை விரித்தார். கறுத்த கை. தடித்த தோல். அதில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினார். என் காதுக்குள் ஏதோ கூவியது. வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

அக்கா தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். டீச்சர் நடுவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சீனப் பெண் பக்கத்திலேயே கிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். வலிக்கிறது என்று சொன்னால் என்னை உட்கார வைத்துவிட்டு அவளை இறக்குவார்கள். அவள் அக்காவின் பந்தைக் கீழே விடுவாள். எல்லாம் கெட்டுப்போகும்.

இல்லை என்றேன்.

கொஞ்சம்கூட இல்லையா என்றார். கொஞ்சம்கூட இல்லை என்றேன். சந்தேகம் இருக்கக் கூடாது என்று சிரித்தும் காட்டினேன். அவரும் சிரித்தார். நல்ல பிள்ளை என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தண்ணீர்ப் போத்தலை மூடி எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏழாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்தில்தான் விரல் போனது. மட்டைக்காரி வீசித் தவறவிட்டாள். பந்து கிளவுஸின் ஓரத்தில் விழுந்து விரலைப் பின்னால் மடக்கியது. சின்னக் குச்சி உடைகிற மாதிரி ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. பந்தை விடவில்லை. ஆட்டம் முடிந்தது. எல்லோரும் அக்காவிடம் ஓடினார்கள். நான் கிளவுஸைக் கழற்றாமல் நின்றேன். நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

வீட்டுக்கு மாமாவின் லோரியில் போனோம். மாமா வழியெல்லாம் பேசினார். இனிமேல் உங்கக்காவப் பாக்க நாம டிக்கெட் எடுக்கணும் என்றார். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்து, சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் இடது கையைப் பையின் கீழே வைத்திருந்தேன்.

ஒரு வாரம் மறைத்தேன். சோறு வலது கையால்தானே சாப்பிடுகிறோம், யாருக்கும் தெரியவில்லை. வண்டியை ஒரு கையாலும் இடுப்பாலும் தள்ளினேன். விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, நீலமாகி, பிறகு மஞ்சளானது.

அடுத்த வாரம் பள்ளிப் பலகையில் தாள் ஒட்டினார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர். கடைக்காரர் மகள்.

அக்கா தாளை ஒரு தடவை படித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். மதியம் டீச்சர் அவளைக் கூப்பிட்டார். நான் வெளியே நின்றேன். அந்த மலாய்க்காரரிடம் வாதாடிப் பார்த்ததாக டீச்சர் சொன்னார். "சோறு போட்டா தாங்குவான்னு சொன்னேன்மா. தாங்குறது பெரிசில்ல, அத நாங்க உண்டாக்கிடுவோம்னாரு. வேகத்த மட்டும் யாரும் உண்டாக்க முடியாதாம். உன் பந்துல சத்தம்தான் இருக்காம், கனம் இல்லியாம்." அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அக்கா கேட்டாள். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "அவரு பழைய ஆளு. புடிக்கிறவ கையப் பாப்பாரு, என்னமோ சொல்லுவாரு."

பேருந்தில் ஏறினோம். வீட்டுக்கு வந்தோம். அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அக்கா உடுப்பு மாற்றினாள். பழம் பொறுக்கக் கிளம்பும்போது நின்று திரும்பினாள்.

"கையக் காட்டு."

வலது கையைக் காட்டினேன்.

"இன்னொன்னு."

காட்டினேன். அவள் விரலைத் தொடவில்லை. மணிக்கட்டை மட்டும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்னா சொன்ன?"

"வலிக்கலன்னு சொன்னேன். கொஞ்சம்கூட இல்லன்னேன்."

அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சீனப் பெண் மாதிரி நான் அழவில்லை. உட்கார வைத்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். ஒரு பந்தையும் கீழே விடவில்லை. தாளில் பெயர் வராததற்கு நான் என்ன செய்ய முடியும். இதையெல்லாம் அக்கா தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அக்கா ரொம்ப நேரம் மணிக்கட்டை விடவில்லை. பிறகு என் பழைய பள்ளி ரிப்பனை எடுத்து, அந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாள். இறுக்காமல் கட்டினாள்.

"சரி" என்றாள். "யாருகிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டயும்."

அன்று வண்டியை அவள்தான் தள்ளினாள். அந்த வருடக் கடைசியில் செரண்டாவுக்குப் போனாள். இன்னும் அங்கேதான் பேக்டரியில் நிற்கிறாள், இரண்டு ஷிப்டு. பந்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. டாக்டர் படம் எடுத்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

அன்று நான் ரிப்பன் கட்டிய கையை ஆட்டிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தேன். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள் அல்லவா. செய்தது சரி என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.