மூடிய யன்னலும் கருவாட்டுக் குழம்பும்

2005ஆம் ஆண்டு, ஆவணி மாதம். கனடாவில், மொன்றியல் நகரின் கார்ட்டியர்வில் பக்கம் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தன்னோடு வேலை செய்தவரிடம் ஒரு பழைய ஆர்.வி. வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கட்டில், காஸ் அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வாகனம். "உங்களுக்கென்ன விசரோ?" என்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"பிள்ளை மலையையும் ஆத்தையும் பாக்கட்டுமன் அப்பா" என்றார் அவர். நாலு வயது மகளோ அதற்குள் மேல் கட்டிலில் ஏறிவிட்டாள். பிறகு நான் என்ன சொல்ல?

வெள்ளி பின்னேரம் வேலை முடிந்ததும் லோரன்சியன் மலைப்பக்கம் வெளிக்கிட்டு, ஆர்.வி.கள் வரிசையாக நிற்கும் ஒரே முகாம் திடலில் தங்குவோம். உண்மையைச் சொன்னால், இரண்டாம் கிழமையே எனக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு கவலைதான்: சமையல் மணம். மொன்றியலில் கீழ் வீட்டுப் பெண் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறியதைக் கண்டதிலிருந்து, யன்னலைப் பூட்டாமல் நான் தாளித்ததே கிடையாது. மிளகாய் வதக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று ஆர்.வி.யில் இருந்த, புகைக்கும் நச்சுக்காற்றுக்குமான எச்சரிக்கை மணியின் பற்றரியையும் கழற்றி வைத்திருந்தேன். அதுவும் என் வேலைதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. குளிரும் சேர்ந்துகொள்ள எனக்குக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட ஆசை வந்துவிட்டது. சுற்றிவர வெள்ளைக்காரர்கள். பக்கத்து ஆர்.வி.யில் கோடை முழுவதும் தங்கியிருக்கும் ஒரு வயதான தம்பதி. எல்லா யன்னல்களையும் இறுக்கிப் பூட்டினேன். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள்ளும் ஒரு துவாயை அடைத்தேன். ஒரு அடுப்பில் சோறு, மற்றதில் குழம்பு. சமைத்து முடிந்தும், உள்ளே சூடாக இருக்கட்டும் என்று அடுப்பை நூர்க்காமல் எரியவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தலை இடித்தது. வயிற்றைப் பிரட்டியது. மலைப்பாதையில் வந்த களைப்பு என்று நினைத்தேன். கணவர் இருக்கையில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். மகள் மேல் கட்டிலில் நல்ல நித்திரை.

அப்போது கதவில் தட்டும் சத்தம். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தால், மழைக்கோட்டுடன் பக்கத்து ஆர்.வி. அம்மா. மணக்குது என்று சண்டைக்கு வந்துவிட்டார்!

கணவரைத் தட்டி எழுப்பினேன். "சத்தம் போடாதேங்கோ. ஆக்கள் இல்லையெண்டு போயிடுவா" என்று கிசுகிசுத்தேன். என் வாயால்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த அம்மா போகவில்லை. திரும்பவும் தட்டினார். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்று எழும்பினேன். கால் நிலத்தில் நிற்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், உள்ளேயிருந்து அடித்த சூட்டை உணர்ந்தார். அவ்வளவுதான், என்னை இழுத்து வெளியே விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். அடுப்பை நிறுத்தி, யன்னல்களைப் படார் படாரென்று திறந்தபடி, "லா பெத்தித்! லா பெத்தித்!" என்று கத்தினார். சின்னவளைத்தான் கேட்கிறார் என்று விளங்கியதும் என் உயிர் போய்விட்டது.

கணவர் மகளை இறக்கிக்கொண்டு தள்ளாடி வந்தார். கூப்பிட்டோம், உலுப்பினோம், அவள் கண் திறக்கவில்லை. "ஐயோ, என்ர பிள்ளை" என்று மழைக்குள் இருந்து கத்தினேன். அந்த அம்மாதான் அவளை மடியில் போட்டு, முகத்தைத் துடைத்து, கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். எவ்வளவு நேரமோ தெரியாது. மகள் வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். பிறகு வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல இனிய சத்தத்தை நான் அதற்கு முதலும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அம்புலன்ஸில் வந்தவர்கள் எங்கள் மூவரையும் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுத்தார்கள். பூட்டிய இடத்தில் எரிந்த அடுப்பின் நச்சுக்காற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை தப்பியிராது என்றார் வைத்தியர்.

மறுநாள் ஆர்.வி.யை எடுக்கப் போனபோது, அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேன். மணத்துக்கும் மன்னிப்புக் கேட்கும்படி கணவரிடம் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார். அந்த அம்மா முதலில் விழித்தார், பிறகு வெட்கத்தோடு ஏதோ சொன்னார். கணவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னவாமப்பா?"

"அவ கஸ்பே கடற்கரையில பிறந்தவவாம். அங்க வீட்டு வாசல்லயே மீன் காயப் போடுவினமாம். நேற்று அந்த மணம் வர, கொஞ்சம் தருவீங்களோ எண்டு கேக்கத்தான் வந்தவவாம். கேக்க வெக்கத்தில ரெண்டு தரம் பாதியில திரும்பிப் போனவவாம்."

அடுத்த சனிக்கிழமை கதவு, யன்னல் எல்லாம் திறந்து வைத்துச் சமைத்தேன். உறைப்பில் கண்ணால் மூக்கால் தண்ணீர் ஓட, அந்த அம்மா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மகள் அவருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மகள் இப்போது என்னைவிட உயரம். அயலவர் என்ன நினைப்பார்களோ என்று என் மனம் எதையாவது மறைக்கப் பார்க்கும்போதெல்லாம், சாப்பாடு கேட்டு மழையில் நின்ற ஒருவரை நான் ஒளிந்திருந்து அனுப்பியிருந்தால் என் வீட்டில் இன்று யார் இருந்திருக்க மாட்டாள் என்பதை நினைத்துக்கொள்கிறேன்.