தயிர்சோறு புளிக்காத தூரம்

எங்கள் வீட்டில் பெண் கொடுப்பதற்கு ஜாதகத்தைவிடக் கெடுபிடியான விதி ஒன்று இருந்தது. போடியில் காலையில் கட்டிய தயிர்சோறு, பெண் புகுந்த வீட்டில் போய் இறங்கும்போது புளித்திருக்கக் கூடாது. மைல் கணக்கையெல்லாம் அப்பா மதிக்கவே மாட்டார். அக்காவைச் சிலமலையில் கொடுத்திருந்தார். மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம். வாரம் தவறாமல் தூக்குவாளியோடு போய்வருவார்.

எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. ஒருவர் மலைமேல் ஏலத்தோட்டக்காரர். அவருடைய மலை எங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். இன்னொருவர் கொழும்பில் மளிகைக்கடை வைத்திருந்தார். போட்டோவில் தோட்டக்காரர், படம் எடுத்தவர்மேல் வழக்குப் போடப்போகிறவர் போல முறைத்துக்கொண்டிருந்தார். கொழும்புக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் சிரிப்பில் விழுந்துவிட்டேன். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. பத்தொன்பது வயதில் என்னிடம் இருந்த ஒரே அடக்கம் அதுதான்.

"கடலத் தாண்டிப் பொண்ணக் குடுக்க எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அப்பா தரகரிடம் சீறினார்.

தரகர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "அண்ணே, திருச்சியில ஏரோப்ளேன் ஏறுனா ரெண்டே மணி நேரம், கொழும்புல எறக்கி விட்டுருவான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு கெடச்சு, அப்பறம் அட்டைக்கடியில நடந்து, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது அடைஞ்சுரும்."

அப்பா யோசித்தார். "ரெண்டு மணி நேரமா? நம்ம வண்டி சிலமலைக்குப் போற நேரந்தானப்பா அது."

முதலில் திருச்சிக்குப் போக வேண்டாமா என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். உனக்கு ஏரோப்ளேனைப் பற்றி என்ன தெரியும் என்று அப்பா அடக்கிவிட்டார். அவருக்கும் தெரியாது. நான் மூச்சுவிடவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மலை தூரமாகி, கண்ணில் படாத ஊர் பக்கத்தில் வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு யார் கேட்டாலும், "மூத்தவளும் எளையவளும் ஒரே தூரத்துலதான் இருக்காளுக" என்று சொல்லித் திரிந்தாராம்.

அந்த இரண்டு மணி நேரத் தூரத்தைக் கடக்க, பாஸ்போர்ட்டு, விசா என்று அலைந்து அவருக்கு ஒன்றேகால் வருஷம் ஆனது. விடியற்காலையில் போடியில் பஸ் ஏறி, திருச்சியில் இரவு தங்கி, மறுநாள் விமானம் ஏறி, சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் தூக்குவாளி. சுங்க அதிகாரி அதைத் திறந்து பார்த்துவிட்டு, தன் கையாலேயே அவசரமாக மூடிக் கொடுத்தாராம். அதை மரியாதை என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

"ஏரோப்ளேன்ல ரெண்டு மணி நேரந்தான் ஆத்தா. கடியாரத்தப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்று வாளியை என் முன்னால் வைத்தார்.

மூடியைத் திறந்தேன். என் கணவரின் முகத்தில் சிரிப்பு காணாமல் போனதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவர் கொல்லைப்பக்கம் நழுவிவிட்டார். நான் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். பல் கூசியது. கண்ணில் நீர் முட்டியது. பாதி புளிப்பு, பாதி அம்மாவின் நினைப்பு.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "புளிச்சிருச்சா?"

"இல்லப்பா. சிலமலைக்குக் கொண்டுபோற மாதிரியே இருக்கு."

அவர் வாளியைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். மெல்லாமல் விழுங்கினார். மூடியை எடுத்து வாளியை அழுத்தி மூடினார்.

"சிலமலையா இருந்தா வாரா வாரம் வந்திருப்பேனே, ஆத்தா" என்றார்.