இருபது கிலோ வேஸ்ட்

நெல்லித்தோப்பு தனிஸ்லாஸுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில், லேத் மெஷினோடு இருபத்தாறு வருஷம். எண்ணெய்க் கையைத் துடைக்கிற பஞ்சுநூல் கழிவுக்கு அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் வேஸ்ட். டை கட்டிய புது மேனேஜர், வாங்க வேண்டிய பட்டியலில் 'வேஸ்ட் இருபது கிலோ' என்றிருந்ததைப் பார்த்துக் குதித்தார்.

"வேஸ்ட்ட எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

விளக்கப் போன தனிஸ்லாஸை வாயைத் திறக்க விடாமல் அந்த வரியை அடித்துவிட்டார்.

ஒரு மாதமாகச் சட்டையில்தான் துடைக்கிறார் தனிஸ்லாஸ். எண்ணெய் நாறும் அந்தச் சட்டையை மனைவி ஆனந்தமேரி குச்சியால்தான் எடுக்கிறாள்.

இன்று கிரீஸில் கையை வைத்துவிட்டு மேனேஜர் அலறினார்.

"சீ! தொடைக்க எதனா குடுய்யா!"

"இப்ப மிச்சம் இருக்கறது ஒரே ஒரு வேஸ்ட்டுதான் சார்" என்றார் தனிஸ்லாஸ். "அதுவும் டை கட்டிக்கினு நிக்குது."