பலகையில் விரித்த வலை

அப்பாவின் கருமாதிக்கு வந்த ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: நாகராசு அதிர்ந்து பேசாத மனிதர். கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் சொந்தக்காரர்கள் அதைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த நாகராசு, தோப்பின் இந்த மூலையில் நின்றுகொண்டு அந்த மூலையில் இருப்பவரைக் கேலி செய்கிறவர். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும் கூட்டத்தைச் சிரிக்க வைத்தே பசியை மறக்கடிக்கிறவர். இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான். இடையில் என்ன நடந்தது என்பதைச் சாம்பார் வாளியோடு ஆட்கள் போய்வரும் பந்தியில் சொல்ல முடியவில்லை.

எங்களுக்கு இருந்தது தென்னந்தோப்பு. கஜா புயலில் அது ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. புதுக்கன்று வைத்துக் காய்ப்புப் பார்க்கும்வரை பொறுத்திருக்க வீட்டில் வழியில்லை. நான் அப்போது பிளஸ் ஒன். தெரிந்தவர் ஒருவர் மூலமாக அப்பா கடற்கரைக்கு வந்து ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தார். பின்னாலேயே அம்மாவும் நானும் வந்தோம். அதற்கு முன் அப்பா கடலைப் பார்த்தது கோடியக்கரைக்கு அமாவாசைக்குப் போனபோது மட்டும்தான்.

ஐஸ் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் தேங்கா அண்ணன். முதல் வாரம் ஐஸ் பாரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கப் போனாராம். தென்னங்கன்று தூக்குகிற மாதிரி. கொக்கி போட்டு இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவன் உதயசூரியன். அப்பாவைவிட வயதில் இளையவன், அந்த ஊர்க்காரன். "தேங்காண்ணே, அது காய்க்காது, விட்டுருங்க" என்று அவன் சொன்னதை அப்பா வீட்டில் வந்து அவனுடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவார். இருவரும் சீக்கிரமே ஒரு ஜோடியாகிவிட்டார்கள். மேலே அப்பா, கீழே உதயசூரியன்.

மேலே, கீழே என்பதை விளக்க வேண்டும். தகர அச்சுகளில் தண்ணீர் ஊற்றி, குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். உறைந்ததும் தூக்கிக் கவிழ்த்தால் ஆளின் இடுப்புயரத்துக்கு ஒரு ஐஸ் பார் வழுக்கி வெளியே வரும். அது நடக்கிற மேடை ஒரு ஆளின் நெஞ்சு உயரம். மேடையிலிருந்து தரைக்கு ஒரு நீளப் பலகை சரிவாக இறங்கும். பலகையின் கீழ்முனையில் ஐஸ் உடைக்கும் மிஷின். மேலே நிற்பவர் பாரைப் பலகையில் தள்ளிவிடுவார். கீழே நிற்பவர் காலை நீட்டி அதை நிறுத்துவார். இதற்குக் கால் கொடுப்பது என்று பெயர். நிறுத்திய பாரைக் கொக்கியால் இழுத்து மிஷினுக்குள் விடுவார். உடைந்த ஐஸ் குழாய் வழியாகப் போட்டின் அடித்தளத்துக்குப் போகும்.

அவ்வளவு பெரிய பாரை ஒரு ஆள் செருப்புக் காலால் நிறுத்துவது எப்படி என்றால், பலகையின் மேல் பழைய மீன்வலைத் துண்டு ஒன்றை மடித்து விரித்திருப்பார்கள். மேலே இரண்டு ஆணியில் அதை மாட்டியிருப்பார்கள். ஈரப் பலகையில் ஐஸுக்கு உராய்வு என்பது பெயருக்குத்தான். வலையின் முடிச்சுகளில் உரசும்போதுதான் அது தயங்கித் தயங்கி, நடக்கிற வேகத்தில் கீழே வரும். அந்த வேகத்துக்குத்தான் அங்குள்ளவர்களின் கால் பழகியிருந்தது.

நாங்கள் வந்த மறுவருடம், மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள். மறுநாள் விடிந்தால் எல்லா விசைப்படகும் கடலுக்குப் போக வேண்டும். எல்லாருக்கும் ஐஸ் வேண்டும். மேடையைச் சுற்றி ஆளாளுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலை புதிதாக மடித்துப் போட்டதோ என்னவோ, பார்கள் பாதிப் பலகையில் நின்று நின்று போயின. ஒவ்வொன்றையும் அப்பா குனிந்து கொக்கியால் உந்திவிட வேண்டியிருந்தது. உதயசூரியன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் வலையை ஆணியிலிருந்து கழற்றித் தன் பக்கத்தில் போட்டார். அவனுக்குப் பதிலாகக் கீழே யாரும் இல்லை. இரண்டு மூன்று பார்களை வெறும் பலகையில் விட்டார். அவை விர்ரென்று போய் மிஷின் ஓரத்துக் கட்டையில் மோதி நின்றன. வேலை ஓடியது. உதயசூரியன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, கிடந்த பார்களை மிஷினுக்குள் இழுத்துவிட்டு நின்றான். மிஷின் இரைச்சல். அப்பா அடுத்த பாரைத் தள்ளினார். அவன் எப்போதும் போலக் கால் கொடுத்தான்.

பாதத்துக்கு மேலே எலும்பு நொறுங்கிப் போனது.

இதுவரை நடந்ததை அவசரத்தில் நேர்ந்தது என்று சொல்லலாம். அடுத்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் உதயசூரியனைத் தூக்க ஓடிய நேரத்தில், அப்பா வலையை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது என்று பின்னால் என்னிடம் சொன்னார். கை எப்படிப் போனாலும், ஆட்கள் திரும்பி வந்து பார்த்தபோது பலகையில் வலை இருந்தது. வலை இருக்கும்போது பார் மெதுவாகத்தான் வரும். மெதுவாக வந்த பாரில் காலை உடைத்துக்கொண்டவன் தூங்கி வழிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடித்திருக்க வேண்டும். துறைமுகம் முழுக்க அப்படித்தான் பேச்சானது. டீக்குத்தான் போனேன் என்று அவன் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடிந்து கம்பு ஊன்றி வந்தபோது, உட்கார்ந்து செய்யும் வேலைக்குக்கூட அவனை யாரும் சேர்க்கவில்லை. கவனமில்லாத ஆள் என்றார்கள். அவனுடைய மச்சானே தன் போட்டில் வலை பிரிக்க அவனைக் கூப்பிடவில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தவரை அப்பா தஞ்சாவூருக்கு வாராவாரம் போனார். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக் கொடுத்துவிட்டு வருவார். எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அவர் பேச்சு குறைந்ததற்கு, கூட வேலை பார்த்தவனுக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்த அதிர்ச்சி என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

நான் புதுக்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தேன். இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது என் படிப்பைப் பற்றி அம்மா ஏதோ கேட்டாள். நான் உற்சாகமாக ஐஸ் கம்பெனிப் பலகையையே உதாரணமாகச் சொன்னேன். உயரத்தில் இருக்கும் பொருளுக்கு அந்த உயரத்தினாலேயே ஒரு சக்தி உண்டு, கீழே வரும்போது அது வேகமாக மாறுகிறது, உராய்வு இருந்தால் அதில் பெரும்பங்கு சூடாகப் போய்விடும், வலையில் உரசும் இடத்தில் ஐஸ் கொஞ்சம் உருகுவது அதனால்தான் என்றேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தார்.

"வலை இல்லாட்டி?" என்றார்.

"வலை இல்லாட்டி, பலகையில வழுக்கி வாரதும் மேடையிலேர்ந்து நேராக் கீழ விழுறதும் வேகத்துல ஒண்ணுதாம்ப்பா. நெஞ்சு ஒசரத்துலேர்ந்து பாரைக் கீழ போட்டா யாராச்சும் கால நீட்டுவாங்களா?"

சொன்ன வேகத்திலேயே எனக்கு அடுத்ததும் தோன்றிவிட்டது. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் அதையும் சொன்னேன். "அப்ப உதயசூரியன் சித்தப்பா கால்ல பாரு மோதுனப்ப வலை இருந்திருக்காதுப்பா. இருந்திருந்தா எலும்பு ஒடையுற வேகமே வந்திருக்காது. வந்து பாத்தவங்க சரியாப் பாக்கல."

அப்பா கையை உதறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் பாத்தாங்க ஆத்தா" என்றார். "நாந்தான் எடுத்தேன். நாந்தான் திரும்ப மாட்டுனேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பாட்டை முடிக்கவில்லை.

சாயங்காலம் அவர் உதயசூரியன் வீட்டுக்குக் கிளம்பினார். தனியாகப் போனால் வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடுவேன் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். உதயசூரியன் வாசலில் நாற்காலி போட்டுக் காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ராக்காயி எங்களைப் பார்த்ததும் காபி போட உள்ளே போனாள். அப்பா நின்றபடியே சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவ்வளவு காலம் சுமந்தது நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

உதயசூரியன் காலைத் தடவிக்கொண்டே கேட்டான். பிறகு, "தெரியும்ணே" என்றான்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"பாரு கிட்ட வரையிலே பலகை மொட்டையா இருந்ததப் பாத்தேன். காலை இழுக்கத்தான் நேரமில்ல. சொன்னா இவனுங்க நம்பணும்ல? வலைதான் மாட்டியிருந்துச்சே. சரி, அண்ணன் வந்து சொல்லுவாருன்னு கெடந்தேன்." அவன் குரல் உயரவே இல்லை. "வலையை எடுத்தது கைத்தப்புண்ணே. நானும் எடுத்திருக்கேன். நீங்க வாராவாரம் வந்து சாத்துக்குடி உரிச்சுக் குடுத்தீங்க பாருங்க, அதுதான்ணே எனக்கு எறங்கல. இந்தச் சொளை முடிஞ்சதும் சொல்லுவாரு, இந்தச் சொளை முடிஞ்சதும் சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே திம்பேன்."

அப்பா கும்பிடக் கையெடுத்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க." உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. காபி வரவில்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று கல்லூரிக்குப் போகாமல் நானும் அங்கே இருந்தேன். உதயசூரியனும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வாசல் கேட் அருகே நின்றான். ஆனால் யாரும் நம்பவில்லை. அவன் பிழைப்புக்காகத் தேங்கா அண்ணன் பழியைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தார்கள். மேலாளர் கோபிநாத், "பெரிய மனசுங்க ஒங்களுக்கு. போயி வேலையப் பாருங்க" என்றார். அப்பாவின் முகம் அப்போது கோணியதை நான் மறக்க மாட்டேன். உண்மையைச் சொன்னதற்கும் அவருக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது.

அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து பலகையின் அடியில் கால் கொடுக்கும் இடத்தில் நின்றார். மேலே நின்ற ஆளிடம் ஒரு பாரை விடச் சொன்னார். வலை மேல் அது தயங்கியபடி வந்து அவர் செருப்பைத் தொட்டு நின்றது. "பாத்துக்கிட்டீங்களா? இதுல எலும்பு ஒடையுமா?" என்றார். "இப்ப வலையை எடுத்துட்டு விடு."

மேலே நின்றவன் வலையைக் கழற்றினான். பாரைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். அப்பா காலை எடுக்கவில்லை. இடத்தைக் காட்டத்தான் நிற்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியில்லை என்று தெரிந்தது. "விடுறா" என்றார். அப்பா என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

உதயசூரியன்தான் நொண்டிக்கொண்டு வந்தான். ஊன்றியிருந்த கம்பால் அப்பாவின் கெண்டைக்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தான். "எடுங்கண்ணே கால. இன்னொரு காலு ஒடைஞ்சு எனக்கு என்ன ஆவப் போவுது?" அவர் தடுமாறி விலகினார். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் மீன்பெட்டி ஒன்றைக் கம்பாலேயே தள்ளி, அவர் நின்ற இடத்தில் வைத்தான். மேலே பார்த்துத் தலையசைத்தான்.

பார் வந்தது தெரியவில்லை. பெட்டி வெடித்த சத்தம்தான் கேட்டது. சில்லு ஒன்று கோபிநாத்தின் காலடிவரை போய் விழுந்தது.

பிறகு, அவனைக் குடிகாரன் என்று அதிகம் பேசிய ஒருவர் வந்து அவன் தோளைத் தொட்டார். உதயசூரியன் தோளை விலக்கிக்கொண்டான். அந்த மாதமே மிஷின் சுவிட்சைப் பார்க்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். அப்பாவை அவர்களாக நிறுத்தவில்லை. அவரே நின்றுகொண்டார். மீன் ஏலம் விடும் கொட்டகையைக் கழுவிவிடும் வேலைக்குப் போனார். வழியில் பார்த்தால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

போன தை மாதம் அப்பா சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். உதயசூரியன் ஒரு தடவை வந்தான். வெறுங்கையோடுதான் வந்தான். அப்பா அவனிடம், "மனசு ஆறிருச்சாப்பா?" என்று கேட்டார். நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் அம்மாவும் அவன் வாயையே பார்த்தோம்.

"நாலு பேரு முன்னாடி சொன்னீங்க. பேரு திரும்பி வந்துச்சு. அது வரைக்கும் சரிண்ணே" என்றான். "ஆனா ராத்திரி வலிக்கிறப்ப ஒங்களத்தான் நெனைக்கிறேன். பொய் சொல்ல வரல."

அவன் போன பிறகு அம்மா அவனைத் திட்டினாள். சாகக் கிடக்கிற மனுஷனிடம் பேசுகிற பேச்சா என்றாள். அப்பா அவளைக் கையமர்த்தினார். "அவன் சரின்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அன்று நான் பலகையை உதாரணமாகச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் கடைசிவரை வாய் திறந்திருப்பாரா என்று யோசிக்கிறேன். திறந்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அப்படி நினைக்கும்போது அவர் மேல் கோபம் வருகிறது. இறந்துபோனவர் மேல் கோபப்படுகிறேனே என்று அடுத்த நிமிடம் என் மேலேயே வருகிறது. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன.

அப்பா இறந்த அன்று உதயசூரியன் வந்தான். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முகம் தெரிகிற இடத்தில் நின்றான். மாலை போடவில்லை. பாடை தூக்குவதற்கு முன்பே கம்பை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான். ஏன் இருக்கவில்லை என்று ஒருவர் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். அதைக் கேட்கிற உரிமை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.